வளவும் காடும்

மாத்தளையில் எனக்கொரு நண்பர் இருக்கிறார். ஆசிரிய கலாசாலையில் என்னோடு ஒன்றாகப் படித்தவர். மிளகுக் கொடியும் கராம்பும் சாதிக்காயும் நிற்கிற சரிவான தோட்டம் அவருடையது. விடிகாலையில் பனிப்புகார் விலகும்போது அவர் வீட்டு விறாந்தையிலிருந்து பார்த்தால் நக்கிள்ஸ் மலைத்தொடர் தெரியும். நான் அங்கே முதன்முதல் போன நாளில் தேநீர்க் கோப்பையைக் கையில் தந்துவிட்டுக் கேட்டார்:

"மச்சான், ஒங்கட மன்னார்ல பாத்து ரசிக்க என்ன ஈக்கி? வெயிலும் கழுதையும்தானே?"

இருவரும் சிரித்தோம். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. இயற்கையை ரசிப்பதென்றால் மலைநாட்டுக்குப் போவதுதான் என்று நாங்களும் நம்பியே வளர்ந்தோம். பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால் நுவரெலியா, ஹக்கல பூந்தோட்டம், நீர்வீழ்ச்சி. பச்சை நிறம் இருந்தால்தான் இயற்கை. சாம்பலும் மண்ணிறமும் வெறும் தரை. அழகைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்கள் எங்கள் ஊரைப் பார்க்கக் கற்றுத் தரவில்லை.

உயிலங்குளம் மன்னாரிலிருந்து மதவாச்சிக்குப் போகும் வீதியில், பெருநிலத்தில் இருக்கும் ஊர். ஒரு பக்கம் போனால் கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்கள். மறுபக்கம் போகப்போக மண் உவர்ப்பாகி, உடை மரங்கள் குடை விரித்து நிற்கும் வெளியாகி, வங்காலைப் பக்கத்துச் சதுப்பில் போய் முடியும். மாரி தொடங்கி வாடைக்காற்று வீசினால் அந்தச் சதுப்புக்குச் சைபீரியப் பக்கமிருந்தெல்லாம் தாராக்கள் வந்து இறங்கும். பூநாரைகள் தண்ணீருக்குள் ஒற்றைக்காலில் நிற்கும். 2008 இல் சரணாலயமாக்கப்பட்ட வங்காலை, 2010 இல் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. 4,839 ஹெக்டெயர். எங்களுக்கு அது பட்டியலில் ஏறுமுன்பே தெரிந்த இடம். ஆனால் அதை ரசிக்கிறோம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டதில்லை. "தாரா வந்திட்டுது, இனி மழை நிக்காது" என்பார் வாப்பா. அதுதான் எங்கள் ரசனை.

கோடையிலும் ஊர் சும்மா இருப்பதில்லை. வைகாசி, ஆனியில் பாலை பழுக்கும். உதடு ஒட்டிக்கொள்ளும் அந்தப் பழத்துக்காகக் காட்டுக்குள் கரடியும் மரமேறும். ஆகையால் பிள்ளைகள் தனியே போகக்கூடாது என்பது சட்டம். சூரைப்பழத்துக்கு முள்ளில் கை கிழிய வேண்டும். காரைப்பழம் அவ்வளவு துவர்ப்பு. வேலியோரம் கவுதாரி சத்தமிடும். இலங்கையின் பெரும்பகுதியில் கிடைக்காத அந்தப் பறவை வடக்கு, வடமேற்கு வறண்ட நிலத்தில்தான் குடியிருக்கிறது. முற்றத்தில் புலுனிகள் ஏழெட்டாகச் சேர்ந்து வந்து சண்டை பிடிக்கும்.

இந்த வறண்ட மண்ணில் உம்மா ஒரு தோட்டம் வைத்திருந்தார். முருங்கை, பப்பாசி, தேசிக்காய், மாதுளை, கிணற்றடியில் கறிவேப்பிலை, படலைக்குப் பக்கத்தில் மருதோன்றி. பாத்திரம் கழுவிய நீர் கத்தரிக்கு. வுழூச் செய்த நீர் மாதுளைக்கு. ஒரு வாளித் தண்ணீரும் வீணாகப் போகாது. பெருநாளுக்கு முந்திய இரவில் அயலிலுள்ள பிள்ளைகளெல்லாம், கிறிஸ்தவப் பிள்ளைகளும் சேர்த்துத்தான், எங்கள் படலையில் மருதோன்றி இலைக்கு நிற்பார்கள். வளவின் பின்பக்க எல்லையில் ஒரு முதிர்ந்த பாலை நின்றது. அதற்கப்பால் காடு. வாப்பா அந்த மரத்தை எல்லைக்கல் போலவே வைத்திருந்தார். "இதுவரைக்கும் நம்மட, அங்கால அதுகளின்ட" என்பார். 'அதுகள்' என்றால் யார் என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும்.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பதினான்கு வயது. அந்தக் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் இங்கே சொல்ல வருவது தோட்டத்தைப் பற்றி மட்டும். புறப்படுகிற அன்று காலையிலும் உம்மா கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றினார். திரும்பி வருவோம் என்ற நம்பிக்கையில் அல்ல. வாடியதைப் பார்த்துவிட்டு அவரால் போக முடியாது. பின்னாளில், உலகம் முடியும் நேரம் வந்தாலும் கையிலிருக்கும் கன்றை நட்டுவிடச் சொன்ன நபிமொழியைப் பள்ளிவாசலில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாளிதான் நினைவுக்கு வரும்.

புத்தளத்து அகதி முகாமில் கிடுகுக் கொட்டிலுக்கும் அடுத்த கொட்டிலுக்கும் இடையே இரண்டு முழம் இடம். அதிலும் உம்மா ஒரு பழைய பால்மாப் பேணியில் கறிவேப்பிலை நட்டார். அதை ரசனை என்பதா, பிடிவாதம் என்பதா, எனக்குத் தெரியாது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. அப்போது எங்கள் உயிலங்குளம், அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் இடையில் கடந்து போகிற வாசலாகிவிட்டிருந்தது. ஊரின் பெயர் செய்திகளில் சோதனைச்சாவடியின் பெயராக அடிபட்டது. அடுத்த வருடம் வாப்பாவும் நானும் வளவைப் பார்க்க வந்தோம். உள்ளே போக முடியவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் மிதிவெடி உண்டு என்று எச்சரித்தன. ஒழுங்கையில் நின்றபடியே எட்டிப் பார்த்தோம்.

வீடு இல்லை. கூரையில்லாத அரைச்சுவர் ஒன்று பச்சைக்குள் நின்றது. அதன்மேல் ஓர் ஆண்மயில் தோகையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பெயர் தெரியாத கொடிகள் சுவரைப் போர்த்தி வெள்ளையாகப் பூத்திருந்தன. பதின்மூன்று வருடம் மனிதக் கால் படாத இடம். என்னை அறியாமலே சொல்லிவிட்டேன்: "என்ன அழகா இரிக்கு வாப்பா!"

வாப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "கிணறு தெரியுதா பாரு மகன்" என்றார். தெரியவில்லை.

அவர் 2007 இல் புத்தளத்திலேயே மௌத்தானார். அந்த ஒழுங்கையில் நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கவேண்டியது பாவமா என்றும் எனக்குத் தெளிவில்லை. மயில் அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த அழகுக்கு என் வாப்பாவின் வாழ்க்கை விலையாகக் கொடுக்கப்பட்டிருந்தது. விலை தெரிந்த பிறகும் ஒன்றை ரசிக்கலாமா? இந்தக் கட்டுரையின் கேள்வி இதுதான்.

போர் முடிந்து 2010 இல் திரும்பி வந்தோம். மிதிவெடி அகற்றியவர்கள் அனுமதித்த நாளில் நானும் மாமாவும் கத்தி, கோடரி, அலவாங்கோடு போனோம். இருபது வருடக் காடு. முதல் இரண்டு நாள் வெறியோடு வெட்டினேன். ஒவ்வொரு பற்றையும் எங்களைத் துரத்தியவர்களின் ஆள் போலத் தோன்றியது. எங்கள் அடுப்படியில் நீ எப்படி முளைக்கலாம் என்று முள்ளோடு கோபித்தேன். மூன்றாம் நாள் பின்பக்கத்துப் பற்றையைத் தட்டிப் பார்க்காமலே நெருப்பு வைத்தேன். அது வேகமாகப் பிடித்தது.

மறுநாள் சாம்பலைக் கிளறும்போது ஒரு தரையாமை கிடைத்தது. முதுகில் மஞ்சள் நட்சத்திரக் கோலம் போட்ட இனம். ஓடு வெடித்திருந்தது. கால்கள் நீட்டியபடி இருந்தன. ஆமை ஆபத்து வந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று படித்திருக்கிறோம். அது இழுத்துக்கொள்ளவில்லை, நடக்கப் பார்த்திருக்கிறது. எந்தத் திசைக்கு என்று பார்த்தேன். பாலை மரம் நிற்கிற திசைக்கு.

உம்மாவிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. "தட்டிப் பாத்துப்போட்டு நெருப்பு வச்சிருக்கலாமே மகன்" என்றார். பிறகு சின்ன வயதில் எனக்குச் சொன்ன அந்தக் கதையை, பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் கதையை, ஞாபகப்படுத்தினார். அவ்வளவுதான். ஆனால் எனக்கு அன்றிரவு தூக்கமில்லை. ஓர் அறிவிப்பில் எல்லாவற்றையும் விட்டு ஓடவேண்டி வந்தவன் நான். ஓடமுடியாத ஒன்றுக்கு நான் எந்த அறிவிப்பும் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் பக்கத்து வளவுப் பெரியவரைப் பற்றிச் சொல்லவேண்டும். கத்தோலிக்கத் தமிழர். நாங்கள் போன பிறகு எங்கள் வளவைத் தன்னால் இயன்றவரை பார்த்திருக்கிறார். பிறகு சண்டையில் அவரும் இடம்பெயர்ந்து, எங்கெங்கோ அலைந்து, எங்களுக்குச் சில மாதம் முன்னர்தான் திரும்பியிருந்தார். நாங்கள் வந்த வாரமே ஒரு சாக்கில் ஈரமண்ணோடு நாலு தடிகளைக் கொண்டுவந்தார். "தம்பி, இது உங்கட உம்மாட மருதோன்றி. அந்த நாளில ஒரு தடி முறிச்சு எங்கட வேலியில நட்டனான். எங்கட வீடு போயிட்டுது, இது கிடக்குது" என்றார். காட்டுக்குள் இருபது வருடம் உயிரோடு நின்ற தோட்டச்செடி அது. அதைக் காட்டுச்செடி என்பதா, தோட்டச்செடி என்பதா?

2015 ஆம் ஆண்டில் வில்பத்து விவகாரம் தொலைக்காட்சிகளிலும் பத்திரிகைகளிலும் பெரிதாகக் கிளம்பியது. வாசகர்கள் அறிவார்கள். 1938 இல் தேசிய பூங்காவான வில்பத்துவுக்கு வடக்கே முசலிப் பக்கத்தில் மரிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி போன்ற பழைய முஸ்லிம் கிராமங்கள் உண்டு. மக்கள் இல்லாதிருந்த காலத்தில் அங்கும் காடு வளர்ந்தது. 2012 ஒக்டோபரில் அப்பகுதியின் பெருநிலங்கள் ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2017 மார்ச்சில் இன்னொரு வர்த்தமானி சுமார் 40,000 ஹெக்டெயரைப் பாதுகாக்கப்பட்ட வனமாக்கியது. இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். மீள்குடியேற்றத்தின் பேரால் கல்லாறு ஒதுக்கக் காட்டில் மரங்கள் அழிக்கப்பட்டன என்று தொடரப்பட்ட வழக்கில், காட்டை மீள நடுவதற்கான செலவை முன்னாள் அமைச்சர் ஒருவர் ஏற்க வேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 நவம்பரில் தீர்ப்பளித்தது.

மாத்தளை நண்பர் காட்டைக் காப்பாற்றக் கோரும் மனுவொன்றில் கையெழுத்திட்டிருந்தார். தொலைபேசியில் சொன்னார். ஒளிக்கவில்லை. அவர் பறவை பார்க்கிறவர். வில்பத்துவில் கரடியை நேரில் கண்டவர்.

"ஒங்களுக்கு அநியாயம் நடந்தது உண்மைதான் மச்சான். ஆனா கரடிக்கு வேற நாடு ஈக்கா? மனிசனுக்கு வேற எடத்துல வீடு கட்டிக் குடுக்கலாமே."

எனக்குக் கோபம் வந்தது. ஆமை நினைவுக்கு வராமலிருந்தால் அன்றே நட்பு முறிந்திருக்கும். ஆனால் நான் சொல்லவேண்டியதையும் சொன்னேன். "நீ விறாந்தையில இருந்து பாக்கிற மலையும் ஒருகாலம் காடுதான்" என்றேன்.

இதை விரித்துச் சொன்னால் மலைநாட்டு அழகின் கணக்கும் வெளிவரும். 1820களில் கோப்பிக்காகத் தொடங்கி, பிறகு தேயிலைக்காக, மலைச்சரிவுக் காடுகள் மொட்டையடிக்கப்பட்டன. இன்று சுற்றுலாப் பயணிகள் நின்று படமெடுக்கிற பச்சைக் கம்பளம் காட்டை நீக்கிவிட்டு விரித்த கம்பளம். அதை விரிக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களில் பெருந்தொகையானோர் மன்னார்க் கரையில்தான் இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்தார்கள். பசியிலும் கொலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 2023 இல் மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனார்கள். ஜூலை 28 இல் புறப்பட்டு ஓகஸ்ட் 12 இல் போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் பக்கத்தைக் கடந்தபோது நானும் வீதியோரம் நின்றேன். வெயில் கொளுத்தியது. மலை நாட்டின் அழகுக்குப் போகும் வழி எங்கள் வறண்ட ஊரினூடாகத்தான் போயிருக்கிறது என்பது அன்று காலுக்குள் உறைத்தது.

ஆகவே முதல் முடிவு: குற்றமற்ற காட்சி என்று ஒன்று இல்லை. ஒரு நிலத்தைப் பார்த்து அழகு என்று சொல்லும்போது, இந்தப் படத்தில் யார் இல்லை என்றும் கேட்கவேண்டும். தேயிலைச் சரிவில் காடு இல்லை. கரடியும் சிறுத்தையும் ஒதுங்கிவிட்டன. எங்கள் வளவின் மயிலுக்குக் கீழே என் வாப்பா இல்லை. கேட்டுவிட்டு ரசிப்பதை நான் தடுக்க மாட்டேன். கேளாமல் ரசிப்பது ஒருவகைத் திருட்டு.

ஆனால் இந்த முடிவு எங்களுக்கு வசதியான பக்கத்தில் நின்றுவிடக்கூடாது. 'எல்லோரும் வெட்டினார்கள், நாங்களும் வெட்டுவோம்' என்பது நியாயமல்ல. எங்களுக்கு நடந்த அநீதி எங்களுக்குத் திரும்பிவரும் உரிமையைத் தந்தது. ஆமையை எரிக்கும் உரிமையைத் தரவில்லை. இரண்டும் இரு வேறு கணக்குகள். ஒன்றின் வரவை மற்றொன்றின் செலவில் கழிக்க முடியாது. ஆமை எங்களை வெளியேற்றவில்லை.

அப்படியானால் நிலம் யாருடையது? முதலில் வந்தவருடையது என்பார்கள். இந்த நாட்டில் எல்லாச் சண்டையும் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. எங்களை வந்தேறிகள் என்று சொன்னவர்கள் உண்டு. மன்னார்த் தீவில் பள்ளிமுனைக்குப் போனால் ஒரு பெருக்க மரம் நிற்கிறது. ஆபிரிக்க மரம். அறபு வணிகர் கொண்டுவந்து நட்டதாகச் சொல்வார்கள். இன்று அது மன்னாரின் அடையாளம். அதற்கு முன்னால் நின்று 'வந்தேறி' என்று யாரும் சொல்வதில்லை. தெருவில் திரியும் கழுதையும் வந்ததுதான். ஒவ்வொரு மாரிக்கும் தாரா வந்து போகிறது. அதற்குச் சைபீரியாவும் ஊர், வங்காலையும் ஊர்.

ஆனால் வந்தவை எல்லாம் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் சீமைக்கருவேல் என்று சொல்கிற முள்மரமும் வந்ததே. தெற்கே பூந்தல தேசிய பூங்காவில் உவர் நிலத்தைத் திருத்த உதவும் என்று கொண்டுவரப்பட்ட அது, பறவைகள் மேயும் சதுப்போரத்தை அடைத்துக்கொண்டு பெரும் தொல்லையானது. பெருக்கும் வந்தது, சீமைக்கருவேலும் வந்தது. பெருக்கின் நிழலில் பிறருக்கு இடமிருக்கிறது. மற்றது தான் நிற்கிற இடத்தில் வேறெதையும் நிற்கவிடாது. ஆகையால் யார் முதலில் வந்தார் என்பதைவிட, வந்தவர் அயலாரோடு எப்படி இருக்கிறார் என்பதே சரியான கேள்வி. இது மரத்துக்கும் பொருந்தும், சமூகத்துக்கும் பொருந்தும். எங்களை அனுப்பியவர்களிடம் நான் கேட்கவிரும்பிய கேள்வி இது. இதே கேள்வியைத் தரையாமை என்னிடம் கேட்கலாம்.

பத்தாம் நூற்றாண்டில் பஸ்றாவில் வாழ்ந்த 'இக்வானுஸ் ஸஃபா' என்ற அறிஞர் குழாம் எழுதிய நிருபங்களில் ஒரு வழக்கு வருகிறது. புயலில் அகப்பட்ட மனிதர்கள் சிலர் ஒரு தீவில் கரையொதுங்குகிறார்கள். அங்கே நிம்மதியாக இருந்த விலங்குகளைப் பிடித்து வேலை வாங்கத் தொடங்குகிறார்கள். விலங்குகள் ஜின்களின் அரசனிடம் போய் முறையிடுகின்றன. மனிதர்கள் தம் அழகு, அறிவு, தொழில் என்று ஒவ்வொரு பெருமையாகச் சொல்ல, விலங்குகள் ஒவ்வொன்றுக்கும் பதில் கொடுக்கின்றன. கடைசியில் தீர்ப்பு மனிதர் பக்கம் போகிறது. மனிதனுக்கு மறுமை உண்டு என்பதே அவர்களை வெல்லவைத்த வாதம். ஆயிரம் வருடம் பழைய அந்தத் தீர்ப்பை நான் இப்படி வாசிக்கிறேன்: மனிதன் மேலானவன் என்று அது சொல்லவில்லை, விசாரிக்கப்படப் போகிறவன் அவன் ஒருவனே என்கிறது. கணக்குக் கேட்கப்படுகிறவனிடம்தான் பொருளை ஒப்படைப்பார்கள். அமானிதம் என்ற சொல்லின் அர்த்தமும் அதுதானே.

நமக்குக் கிட்டிய காலத்தில் வைக்கம் முகம்மது பஷீர், பூமிக்கு உரிமையுள்ளவர்கள் யார் என்று கேட்டு ஒரு கதை எழுதினார். தென்னந்தோப்பில் இளநீர் குடிக்கும் வௌவாலைச் சுடுவதா விடுவதா என்பதுதான் கதை. சட்டப்படி வாங்கிய காணி. ஆனாலும் வௌவாலுக்கும் அணிலுக்கும் அதில் பங்குண்டு என்று நிற்கிறார் அவர். எனக்குப் பிடித்தது, அவர் அதைக் காட்டில் நின்று சொல்லாமல் வேலி போட்ட தோட்டத்துக்குள் நின்று சொன்னது. நஷ்டம் வருகிற இடத்தில் நின்று சொன்னது.

காட்டை ரசிக்கிறவனுக்கும் தோட்டக்காரனுக்கும் உள்ள வேறுபாடும் இதில் இருக்கிறது. பார்வையாளனுக்கு மயில் அழகு. உம்மாவுக்கு மயில் கத்தரிக்கன்றைக் கொத்திப்போடுகிற சனியன்; ஆனாலும் விடியும்போது அதன் சத்தம் கேட்காவிட்டால் "எங்க அதக் காணல்ல?" என்று கேட்பவரும் அவர்தான். நட்டதிலிருந்து பறவையோ மிருகமோ தின்றால் அது தர்மமாக எழுதப்படும் என்ற நபிமொழி அவருக்குத் தெரியும். அதற்காக மயிலுக்குக் கல்லெறியாமல் இருப்பதில்லை. எறிகிற கல் படாமல் எறிவார்.

தோட்டக்காரனும் தூய்மையானவன் அல்ல. களை பிடுங்காமல் தோட்டமில்லை. பிடுங்குவது கொலைதான். ஆனால் அவனுக்குத் தான் எதைக் கொல்கிறோம் என்று தெரியும். நெருப்பு வைத்த அன்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் என் குற்றம். புல்டோசர் கொண்டு ஒரே நாளில் நூறு ஏக்கரைத் தள்ளுகிறவனுக்கும் தெரியாது. வரைபடத்தில் கோடு போட்டு ஒரு கிராமத்தையே காட்டுக்குள் சேர்த்துவிடுகிறவருக்கும் தெரியாது. தூரத்தில் நின்று செய்யப்படுகிற இரண்டும் ஒரே வகை.

முசலி விடயத்தில் என் கருத்தைக் கேட்டால் இவ்வளவுதான் சொல்லத் தெரியும். கோட்டை நிலத்தில் நடந்துபோய்ப் போடவேண்டும். பள்ளிவாசல் அத்திவாரம், மையவாடி, கிணறு, கிழட்டுப் புளியமரம், இவை எங்கே இருக்கின்றனவோ அதுவரை ஊர். மேலே என்ன முளைத்திருந்தாலும் அது ஊர்தான். அதற்கப்பால் உள்ளது காடு. எங்கள் குடும்பங்கள் இருபது வருடத்தில் நாலு மடங்காகப் பெருகிவிட்டன என்பது உண்மை. அந்தப் பெருக்கத்துக்குக் கரடியிடம் இடம் கேட்கக்கூடாது, அரசிடம்தான் கேட்கவேண்டும். இது எல்லோரையும் திருப்திப்படுத்தாது என்று தெரியும். என் உறவினர் சிலருக்கே பிடிக்காது.

மனிதனையும் பறவையையும் எதிரெதிரே நிறுத்தித்தான் பேசவேண்டும் என்றுமில்லை. 2020 டிசெம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையோரம் முப்பது காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. 2025 இல் மேலும் காற்றாலைகளும் கனிய மணல் அகழ்வும் வேண்டாம் என்று தீவு மக்கள் தொடர்ந்து போராடியபோது, தங்கள் வீட்டுக்குள் வெள்ளம் நிற்பதைப் பற்றியும் பேசினார்கள், பறவைகளின் வழியைப் பற்றியும் பேசினார்கள். கத்தோலிக்கரும் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றாக நின்றார்கள். தாராவின் பேரில் அப்படி நின்றதை என் வாப்பா பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

எங்கள் வளவில் பின்பக்கத்துக் கால் ஏக்கரை நாங்கள் வெட்டவில்லை. பாலையைச் சுற்றி இருபது வருடத்தில் எழுந்த பற்றை அப்படியே நிற்கிறது. மாமா இன்றும் குறை சொல்வார்: "நல்ல காணியப் பாம்புக்கு விட்டிரிக்கான்." பாம்பும் வரத்தான் செய்கிறது. நாற்பதாயிரம் ஹெக்டெயர்ப் பிரச்சினைக்குக் கால் ஏக்கர் தீர்வாகாது என்பதும் தெரியும். ஆமைக்கான பரிகாரம் என்றும் சொல்லமாட்டேன். அந்தக் கணக்கு வேறிடத்தில் இருக்கிறது. வாப்பாவின் எல்லை கொஞ்சம் முன்னால் நகர்ந்திருக்கிறது, அவ்வளவே.

மருதோன்றி பிடித்துவிட்டது. பெருநாள் இரவில் பெரியவரின் பேரப்பிள்ளைகளும் படலைக்கு வருகிறார்கள்.

சென்ற ஆனி மாதம் மாத்தளை நண்பர் வந்திருந்தார். முதல் நாள் வெயிலில் திண்டாடினார். இரண்டாம் நாள் விடியலில் கவுதாரி கத்தியதும் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மத்தியானம் பாலையடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பழம் விழுந்துகொண்டிருந்தது. உதடெல்லாம் பால் ஒட்டி, பேசமுடியாமல் சிரித்தார். ஒழுங்கையில் நின்று வாப்பாவிடம் நான் சொன்னதை அன்றுதான் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மரத்தை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்:

"இது ஒங்கட மரமா மச்சான்?"

மேலே அணிலொன்று எங்களை ஏசிக்கொண்டிருந்தது.

"எங்கட வளவில நிக்கிது" என்றேன்.